அரக்கக் கலப்பினரின் மூப்பு

வில்லிபுத்தூரார் பாரதத்துப் பதினான்காம் நாட் போரினை யாம் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், ஆவடியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, 'கடோற்கசன் மாண்டபோது அவனுக்கு அகவை எத்தனை?' என வினவினார். உடன் விடை கூற எமக்கு இயலவில்லை. பாண்டவர் மக்களுள் அவனே மூத்தவன் என்பது தெளிவு. ஆயினும் அவன் பிறந்த அன்றே காளைப் பருவம் எய்தியவன் என்பது வியாசர் கூற்று. ஆண்டை எண்ணுவதா, வடிவை எண்ணுவதா? யாம் தயங்கி நின்ற அளவில் அம்மாணவர் மேலும் கூறினார்: தாம் சிறுவயது முதல் ஆடிவரும் வீடியோ கேம் ஒன்றின் தலைவன் அரக்கனுக்கும் மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன், ஆட்டந்தோறும் அவன் மூத்துக்கொண்டே வருகிறான், அரக்கக் குருதி உடையான் ஒருவன் மனிதரைப்போல் மூத்தல் பொருந்துமா என்பது தம் தோழரிடையே நெடுநாளாக உள்ள வழக்கு.

இவ்விரண்டு வினாவும் ஒரு வினாவே என்பது பின்னர்ச் சிந்தித்தபோது எமக்குப் புலனாயிற்று. தாய் தந்தையருள் ஒருவர் அரக்கரும் மற்றவர் மனிதருமாகப் பிறந்த ஒருவனுக்குக் காலம் எவ்வாறு செல்லும்? அவனுக்குக் குழந்தைமை உண்டா? முதுமை உண்டா? கதை வகுத்தோர் இவ்வினாவிற்குத் தந்த விடைகளை ஒப்பிட்டு நோக்கி, அவற்றால் பெறப்படும் உண்மை யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு ஒன்றினைப் பாரதத்தோடு ஒருங்கு வைத்தல் தகுமா என ஐயுறுவார் உளராகலாம். பழங்கதை கூறுதற்குத் 'தொன்மை' என ஒரு வனப்பினை வகுத்த தொல்காப்பியர், புதுவதாகத் தோன்றும் யாப்பிற்கு 'விருந்து' எனவும் ஒன்றனை வகுத்துள்ளார். புதியதொன்று வந்தவிடத்து வாயிலடைத்தல் நம் இலக்கண மரபன்று. அதன் இயல்பு யாதெனக் கேட்டலே மரபு. அன்றியும் இவ்வொப்பீடு யாம் வலிந்து கொண்டதன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை பழைய தொண்டை மண்டலத்து ஊர்கள். அம்மண்டலத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழா நிகழும் நாள்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெற்று, துரியோதனன் மண்ணுருவத்தின் முன் படுகளமும் அதன்பின் தீமிதியும் நிகழ்ந்து விழா முற்றுப்பெறுதலை அறிவோம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. ஊர்கள் நகராயின, எனினும் பாட்டனார் கூத்தில் கண்ட அரக்கியின் மகனையும், பேரன் திரையில் ஆட்டுவிக்கும் அரக்கனின் மகனையும் ஒரு வீட்டிலேயே காணும் நிலை இன்று அங்கு உள்ளது. ஆதலின் இவ்வாராய்ச்சிக்கு இடம் தந்தது அந்நிலமே என்க.

பருவம் என்னும் கொள்கை

முதற்கண் நம் நூல்கள் அகவையை எவ்வாறு கருதின என்பதனை நினைவுகூர்தல் வேண்டும். பிள்ளைத்தமிழ் நூல்கள் மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தோராந் திங்கள் வரையிலும் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கும். தலையசைத்துத் தவழ முயல்வது ஒரு பருவம். கைகொட்டுவது ஒரு பருவம். முத்தம் வேண்டப்படுவது ஒரு பருவம். நிலவை அழைப்பது ஒரு பருவம். இப்பத்தினையும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். இவற்றுள் ஒன்றேனும் குழந்தை தனித்து நிகழ்த்துவதன்று. தாலாட்டத் தாய் வேண்டும். 'வருக' என அழைக்க எதிரே ஒருவர் வேண்டும். சிற்றில் சிதைக்கப்படுதற்குச் சிற்றில் கட்டிய சிறுமியர் வேண்டும். ஆகவே பருவம் என்பது உடலின் வளர்ச்சி மட்டுமன்று. பிறர் ஒருவனைக் கண்டு மகிழும் முறையுமாகும்.

முதுமைக்கும் இஃது ஒக்கும். ஆண்டுகள் பல கடந்தும் தலை வெளுக்காமைக்குக் காரணம் கேட்டோர்க்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றில் உள்ளது. உணவையோ மருந்தையோ அவர் காரணமாகக் கூறிற்றிலர். மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரிலுள்ள சான்றோர் என உடன்வாழ்வோரையே நிரலாக எண்ணிக் காட்டினார். நரைத்தலும் நரையாமையும் சுற்றத்தைப் பொறுத்தன என்பதே அவர் கருத்தாதல் காண்க. மூப்பினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளிவரலுக்குரிய நான்கு நிலைக்களங்களுள் ஒன்றாக வைத்தார். இளிவரலும் காண்பாரை அன்றித் தோன்றாது. இக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டு மேலே செல்வாம்.

ஒருநாளில் வளர்ந்த மகன்

வியாச பாரதத்தின் ஆதிபருவம் கடோற்கசன் பிறப்பினைச் சுருங்கக் கூறும். அரக்கியர் கருவுற்ற அன்றே ஈன்றெடுப்பர். இடிம்பியும் அவ்வாறே ஈன்றாள். மகன் அப்பொழுதே இளைஞனாகி, படைக்கலம் அனைத்திலும் வல்லவனாயினான். குடம் போன்ற தலையில் மயிரின்மையால் அப்பெயர் பெற்றான் என்பர். பெற்றோரை வணங்கினான், நினைத்தபொழுது வந்து பணிபுரிவதாகக் கூறினான், சென்றான்.

இவ்வியல்பிற்கு இராமாயணத்து உத்தரகாண்டம் ஒரு காரணமும் கூறுகிறது. வித்யுத்கேசன் என்னும் அரக்கனின் மனைவி தான் ஈன்ற மகவைக் கைவிட்டு நீங்கினாள். வானிற் சென்ற சிவபெருமானும் உமையம்மையும் அதன் அழுகுரலைக் கேட்டு இரங்கினர். பெருமான் அம்மகவினைத் தாயின் அகவையை உடையதாக்கினார். அம்மையோ, அரக்கியர் கருவுறுதலும் ஈனுதலும் மகவு தாயொடு ஒத்த அகவை எய்துதலும் உடனுக்குடன் நிகழுமாறு வரம் அருளினாள். சுகேசன் எனப்படும் அக்குழந்தையின் வழியினரே பிற்காலத்து இலங்கை அரக்கர்.

இவ்வரத்தின் தோற்றுவாய் ஓர் அழுகையே என்பதை ஓர்ந்து உணர்தல் வேண்டும். பேணுவார் இல்லாத குழந்தை பேணப்படவேண்டிய காலத்தையே கடந்துவிடட்டும் என்பது அவ்வருளின் பொருள். அஃது இரக்கத்தில் தோன்றியது. ஆயினும் குழந்தைமையை நீக்கித் தந்த இரக்கம். கடோற்கசனுக்கும் அதுவே நேர்ந்தது. தந்தை பயணத்தில் உள்ளான். அரக்கு மாளிகையில் தப்பியோர் ஓரிடத்தில் தங்க இயலாதோர். பிறந்த அன்றே வளர்ந்த மகனுக்கு எவரும் எதுவும் செய்யவேண்டுவதில்லை. தாலாட்டக் கடன்பட்டார் எவரும் இலர். கடன் முழுவதும் மகன் மேலதாயிற்று. அவனுக்கு ஒருவர் பிள்ளைத்தமிழ் பாடப்புகின், பத்துப் பருவத்துக்கும் சேர்த்து ஒருநாளே கிடைக்கும்.

அக்கடனை அவன் குறைவறத் தீர்த்தான். வனவாசத்தில் நடக்கலாற்றாத திரௌபதியைத் தோளிற் சுமந்து மலைவழி சென்றான். போரில் பதினான்காம் நாள் இரவு, இருளில் அரக்கர் வலிமை மிகும் என்பதறிந்த கண்ணன் அவனைக் கன்னன் மேல் ஏவினான். அவனுடைய மகன் அஞ்சனபருவனும் அவ்விரவிலேயே அசுவத்தாமனால் மாண்டான். இந்திரன் தந்த வேலினை விசயனுக்கென்று காத்துவைத்திருந்த கன்னன், வேறு வழியின்றிக் கடோற்கசன் மேல் எறிந்தான். அவன் வீழும்போதும் தன் உடலைப் பெருக்கிப் பகைப்படையின் மேல் வீழ்ந்தான். பாண்டவர் அழுதனர்; கண்ணன் மகிழ்ந்தான். காரணம் கேட்ட விசயனுக்கு வேல் கழிந்தமையைக் கூறியதோடு, வேள்விக்குப் பகையாகிய இவனைக் கன்னன் கொல்லாதிருப்பின் தானே ஒருநாள் கொல்ல நேர்ந்திருக்கும் என்றும் துரோணபருவத்தில் கண்ணன் கூறுகிறான்.

இவனுக்கு முதுமையும் இல்லை என்பது இதனால் பெறப்படும். மகனைப் பெற்றுப் போர்க்களத்துக்கு அழைத்துவரும் அளவு மூத்தவன், முதியவனாக வாழ இடமில்லை. போரிற் பிழைப்பினும் வாழ விடப்பட்டிருக்கமாட்டான். நாககன்னியின் மகனாகிய அரவான் நிலையும் இதனோடு ஒப்பிடத் தக்கது. அவன் அரக்கக் கலப்பினன் அல்லன். எனினும் தந்தையின் வீட்டில் வளராது தாயிடம் வளர்ந்தவன். வியாசர் அவனை எட்டாம் நாட் போரில் மாளச் செய்தார். தமிழ் மரபோ, பெருந்தேவனார் பாரதவெண்பாக் காலந்தொட்டு, போருக்கு முன்னரே அவனைக் களப்பலியாக்கிற்று. பாதிக் குருதியினர் இருவரும் முழுக்குருதியினர் வெற்றிக்கு விலையாயினர்.

கூத்தும் திரைப்படமும்

கூத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. அங்கு முகத்தின் நிறமும் கிரீடமும் புஜக்கட்டையும் பாத்திரத்தின் தன்மையைக் குறிக்குமேயன்றி ஆண்டினைக் குறிப்பதில்லை. ஐம்பதைக் கடந்த கலைஞர் அபிமன்யுவாகத் திரைக்குப்பின் நின்று வரவு கூறினும், இளைஞர் வீடுமனாக வரினும் அவையோர் வேறுபாடு கருதார்.

1957-இல் வெளிவந்த 'மாயாபஜார்' திரைப்படம் முகத்தை அருகிற் காட்டும் கலையாதலின் அங்கு அகவை ஒரு பொருளாயிற்று. 1918-இல் பிறந்த எஸ். வி. ரங்காராவ் கடோற்கசனாகவும், 1920-இல் பிறந்த ஜெமினி கணேசன் அபிமன்யுவாகவும் தமிழ் வடிவில் நடித்தனர். நடிகர் இருவர்க்கும் ஈராண்டே வேறுபாடு. எனினும் அபிமன்யு மணமாகா இளைஞனாகவும், கடோற்கசன் தடித்த மீசையும் பருத்த உடலும் உடைய பெரியோனாகவும் தோன்றினர். அரக்கக் குருதிக்கு அப்படம் தந்த குறி பருமனே. வியாசர் நாளின் சுருக்கமாகக் கூறியதை அது உடலின் பெருக்கமாகக் காட்டிற்று. அவன் தம்பியின் திருமணத்தை நடத்திவைக்கும் பெரியோனாதல் நகைச்சுவையோடு அமைந்தது. அவ்வீட்டில் அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது; ஆயினும் அதுவும் பணி செய்வோனின் இடமே.

டான்டேயின் பருவங்கள்

இனி மாணவர் குறிப்பிட்ட விளையாட்டினை நோக்குவாம். 'டெவில் மே கிரை' என்பது ஜப்பானியக் காப்காம் நிறுவனத்தினது. முதல் ஆட்டம் 2001-இல் வெளிவந்தது. ஸ்பார்டா என்னும் அரக்கன் தன் இனத்தை எதிர்த்து மனிதரைக் காத்தான். ஈவா என்னும் மானிடப் பெண்ணை மணந்தான். அவர்க்குப் பிறந்த இரட்டையர் டான்டேயும் வெர்ஜிலும். 2005-இல் வந்த மூன்றாம் ஆட்டம் கதைக்காலத்தில் முதலாவது. அதில் டான்டே துடுக்கு மிக்க இளைஞன். 2008-இல் வந்த நான்காம் ஆட்டத்தில் தாடி அரும்பிய நடுவயதினன். 2019-இல் வந்த ஐந்தாம் ஆட்டத்தில் தாடியும் சோர்ந்த கண்களும் முகக்கோடுகளும் உடையவன். அவ்வாட்டத்துக்கு உண்மை மனிதர் முகங்களையே கருவியால் அளந்தெடுத்து உருவமைத்தனர். ஆதலின் மூப்பு அங்கு ஓவியக் குறியாக நில்லாது தோலின் உண்மையாயிற்று.

இங்கு நரை பற்றிய நுட்பம் ஒன்று உண்டு. டான்டேயின் தலைமயிர் இளமைமுதலே வெண்மை. அது தந்தைவழி அரக்கக் குருதியின் அடையாளம், மூப்பின் அடையாளமன்று. நம் இலக்கியத்தில் மூப்பு உரைக்க முதலில் வரும் குறி நரையே. அக்குறி இவ்விளையாட்டினை ஆக்கியோர்க்குத் தொடக்கத்திலேயே செலவாகிவிட்டது. ஆகவே அவர்கள் தாடியையும் கண்ணையும் குரலையும் நாடவேண்டியவராயினர். கடோற்கசனின் மயிரற்ற தலையும் இத்தகையதே. அது குழந்தைக்கும் உரியது, முதியோனுக்கும் உரியது. பாதிப் பிறப்பினரின் தலையில் காலத்தின் குறி குழம்பிக்கிடத்தல் இரு மரபிலும் ஒத்திருப்பது வியப்பே.

விளையாட்டு என்னும் கலைக்கே உரிய மற்றொரு மூப்பும் இதில் உள்ளது. மூன்றாம் ஆட்டம் 2005-இல் வந்த வடிவில், டான்டே போர்முறை பலவற்றுள் ஒன்றையே தெரிந்துகொண்டு களம் புகவேண்டும். இடையில் குறித்த இடங்களிலன்றி மாற்றல் இயலாது. நான்காம் ஆட்டத்திலோ நொடிப்பொழுதில் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். இளையோன் ஒன்றனைப் பற்றி நிற்கிறான். மூத்தோன் அனைத்தையும் ஒருங்கு கைக்கொள்கிறான். இம்மூப்பினைக் காண்போன் கண்ணால் அறிவதில்லை. ஆடுவோன் தன் விரல்களால் அறிகிறான். தலைவனின் அனுபவத்தைத் தானும் பெற்றாலன்றி அவனை நன்கு ஆட்டுவித்தல் இயலாது. நூல் படிப்போர்க்கும் கூத்துக் காண்போர்க்கும் இவ்வகை அறிவு வாய்ப்பதன்று. இதுவே இப்புதிய வடிவின் தனிச்சிறப்பு என்பது எம் கருத்து.

டான்டே அரக்க வடிவம் கொள்ளும்பொழுது முகம் மறைகிறது, புண்கள் ஆறுகின்றன, அகவையும் மறைகிறது. மீண்டும் மனிதனாகுங்கால் தாடியும் சோர்வும் திரும்புகின்றன. ஆகவே மூப்பவன் மனிதன்; மூவாதது அரக்கக் கூறு என்பது இவ்வாக்கத்தின் விதி எனக் கொள்ளலாம். ஐந்தாம் ஆட்டத்தில் இவ்விதி ஒரு கதையாகவே விரிகிறது. வெர்ஜில் யமாட்டோ என்னும் வாளால் தன்னை இரண்டாகப் பிளக்கிறான். அரக்கக் கூறு உரைசன் என்னும் பேருருவாகிறது. மனிதக் கூறோ 'வி' என்னும் மெலிந்த இளைஞனாகி, கைத்தடி ஊன்றி நடந்து, நாள்தோறும் உடல் பொடிந்து உதிர்கிறது. ஒருநாளில் வளர்ந்த கடோற்கசனுக்கு நேர்மாறாக, குறுகிய காலத்தில் தேய்ந்தவன் இவன். வலிமை அனைத்தையும் இழந்த இக்கூறே தன் பிழையை உணர்ந்து வருந்துகிறது என்பது கதையின் உயிர்நிலை. பிளந்த இரண்டும் கூடியபின் வெர்ஜில் முழுமை பெறுகிறான்.

தாய்வழியா, உறவுவழியா?

மேற்கூறியவற்றால் ஒரு முடிபு எளிதிற் தோன்றும். கடோற்கசனின் தாய் அரக்கி. அவன் தாயொடு ஒத்த அகவையை உடன் எய்தினான். டான்டேயின் தாய் மானிடப் பெண். அவன் மனிதர் போலவே மூக்கிறான். உத்தரகாண்டத்து வரமும் மகவு தாயின் அகவை எய்தும் என்றே கூறிற்று. ஆதலின் கலப்புப் பிறப்பினர்க்கு மூப்பு தாய்வழியது எனலாம். யாமும் முதலில் அவ்வாறே கருதினோம்.

ஆயின் இம்முடிபு நிலைபெறாது. கொனாமி நிறுவனத்தின் 'கேசில்வேனியா' வரிசையில் அலுக்கார்டு என்பான், குருதியுண்ணும் டிராகுலாவுக்கும் லிசா என்னும் மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன். அவ்வரிசையின் மூன்றாம் ஆட்டத்துக் கதை 1476-இல் நிகழ்வது. 1997-இல் வெளிவந்த 'சிம்பொனி ஆஃப் தி நைட்' என்பதன் கதை 1797-இல் நிகழ்வது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியிலும் அவன் இளைஞனே. தாய் மானிடப் பெண்ணாகவும் இவன் மூவாமைக்குக் காரணம் யாது? தாய் மனிதராலேயே கொல்லப்பட்டாள்; தந்தையை அவனே எதிர்த்தான்; இடைக்காலம் முழுவதும் தன்னைத் தானே உறக்கத்தில் ஆழ்த்திக்கொண்டான். அவனது ஆண்டுகளை எண்ண உடன்வாழ்ந்தார் எவரும் இலர்.

டான்டேயோ மனிதரிடையே வாழ்பவன். கடை வைத்திருக்கிறான், என்றும் கடன்பட்டிருக்கிறான், நண்பர் வருவர், போவர். தாயோடு வாழ்ந்த வீடும், அதில் மாட்டிய குடும்ப ஓவியமும், பிள்ளைகளைக் காத்து அவள் மாண்டமையும் கதையில் நினைவுகூரப்படுகின்றன. எனவே அவனுக்குக் குழந்தைமை உண்டு. வெர்ஜிலின் மகனாகிய நீரோ வளர்ந்து நிற்றலின் அவன் சிறிய தந்தை என்னும் முறையும் எய்துகிறான். ஐந்தாம் ஆட்ட முடிவில் உடன்பிறந்தார் இருவரும் அரக்கருலகின் வாயிலை அடைக்கச் சென்று, மனிதருலகக் காவலை நீரோவிடம் விடுகின்றனர். இளையோனிடம் ஒன்றனை ஒப்படைத்து விலகுதல் முதுமையின் செயலன்றோ? ஆகவே மூப்பினைத் தருவது குருதியன்று, உடன்வாழ்தலே. பிசிராந்தையாரைக் கேட்டோர் வினவியதற்கு மறுதலையான வினா இங்கு எழுகிறது, விடை ஒன்றே.

இவ்விடத்துக் காப்காம் ஆக்கத்தின் குறையொன்றனையும் சுட்டல் வேண்டும். அதில் லேடி எனப்படுபவள் முழு மானிடப் பெண். மூன்றாம் ஆட்டத்தில் இளம்பெண்ணாக வந்த அவள் ஐந்தாம் ஆட்டத்திலும் மூப்பின் குறி ஏதுமின்றியே வருகிறாள். பாதி அரக்கன் மூக்கிறான். முழு மானிடப் பெண் மூப்பதில்லை. மேற்கூறிய விதியை ஆக்கியோர் பெண்ணிடத்துக் கைவிட்டனர். நம் பாட்டியலாரும் பேரிளம்பெண்ணுக்கு நாற்பதை எல்லையாக்கி, அதன்மேல் பெண்ணுக்குப் பருவம் கூறாது நிறுத்தினர். குற்றம் புதியதன்று, ஆயினும் குற்றமே.

மற்றொரு தடை எழலாம். விளையாட்டின் தலைவன் மூத்தமைக்குக் காரணம் வணிகமே. 2001-இல் ஆடிய சிறுவர் 2019-இல் முப்பதைக் கடந்தோராதலின், அவர்க்கேற்ப அவனும் மூப்பிக்கப்பட்டான் என்பர். உண்மையே. ஆயின் இத்தடை எம் கருத்தை வலியுறுத்துகிறதேயன்றி மறுக்கவில்லை. பதினெட்டு ஆண்டு ஒருவனை விடாது பார்த்துவந்தோர் இருந்தமையாலன்றோ அவனுக்கு மூப்பு வாய்த்தது? காண்பார் தந்த பருவம் அது.

தருமன் கண்ட குழந்தை

இனி மாணவர் வினாவிற்கு மீள்வாம். கடோற்கசனின் அகவை யாது?

துரோணபருவத்தில், அவன் வீழ்ந்தபின், தருமன் கண்ணனிடம் புலம்பும் பகுதி ஒன்று உண்டு. வனத்தில் இருந்தபோது, அன்று குழந்தையாகவே இருந்த இவன் எங்களுக்குச் செய்த உதவிகள் பல. விசயன் படைக்கலம் பெறச் சென்ற நாளில் காமியக வனத்தில் எம்முடன் வந்து தங்கினான் என்னும் கருத்துப்பட அவன் கூறுகிறான். இதனை யாம் முன்னர்ப் பலமுறை படித்தும் நின்று நோக்கியதில்லை. பிறந்த அன்றே இளைஞனானவன் என ஆதிபருவம் கூறிற்று. திரௌபதியைச் சுமந்தவன் ஆற்றல் மிக்கவன் என வனபருவம் கூறிற்று. தருமனோ அவனைக் குழந்தை என்கிறான். இதனை நூலின் முரண் எனத் தள்ளுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. உடலால் குழந்தையாக ஒருநாளே இருந்தவனைத் தருமன் உறவால் குழந்தையாகக் கண்டிருந்தான். உடன்தங்கிய அச்சில நாளே கடோற்கசனுக்கு வாய்த்த பிள்ளைப் பருவம். அதனை எவரும் அவன் வாழ்நாளில் உரைத்ததாகக் காணவில்லை. களத்தில் உடல் கிடந்தபின்னரே பெரிய தந்தை வாய்திறந்தான்.

எனவே அம்மாணவருக்கு யாம் கூறும் விடை இது: ஆண்டால் அவன் மூத்தோன், வடிவால் காளை, தருமன் நினைவில் குழந்தை. இம்மூன்றும் ஓருயிரில் ஒன்றுசேர இடந்தராமையே அவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமை. ஒருவனுக்கு வேண்டிய பருவங்களைத் தராது அவன் வலிமையை மட்டும் கொள்வோர், அவன் விரைந்து வளர்ந்தான் எனக் கூறி அமைதி பெறுவர். கலப்புப் பிறப்பினரைப் பற்றிய பழங்கதையில் அரக்க வரமாகக் கூறப்பட்டது அவ்வமைதியின் பெயரே எனத் தோன்றுகிறது. இளமையிலேயே வேலைக்குச் செல்லும் சிறுவனை 'பொறுப்பானவன்' எனப் பாராட்டும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. அதனை எண்ணுவார்க்கு இக்கதை அரக்கரைப் பற்றியது மட்டுமன்று என்பது விளங்கும்.

டான்டேயின் படைப்பினைப் பாரதத்தோடு ஒத்த பெருமையுடையது என்று யாம் கூறவரவில்லை. வியாசர் ஒரு புலம்பலில் வைத்த ஆழம் அவ்விளையாட்டு வரிசை முழுமையிலும் இல்லை. ஆயினும் பாதி அரக்கன் ஒருவனுக்குத் தாயின் வீட்டையும், கடனையும், தாடியையும், விலகி நிற்கும் முதுமையையும் அது மறுக்காது தந்தது. கடோற்கசனுக்கும் அரவானுக்கும் நம் முன்னோர் தராத ஒன்றை அது தந்ததென ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை. தொண்டை மண்டலத்துச் சிற்றூரில் இனி ஒருமுறை பதினான்காம் நாட் போர் கூத்தாக ஆடப்படுமாயின், கன்னன் வேலெறியும் காட்சியோடு அவையோர் கலையாது, தருமன் புலம்பலையும் இருந்து கேட்டல் வேண்டும். அவனுக்குரிய பிள்ளைப் பருவம் அங்குத்தான் உள்ளது.